பழைய காருக்கு 2,600 வெள்ளியில் கூடுதல் உத்தரவாதம்: வாங்கலாமா, வேண்டாமா?

செம்மண்சாலை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். ஈப்போவில் பயன்படுத்திய கார்களை விற்கும் கடையொன்றில், 2018ஆம் ஆண்டில் பதிவான ஜப்பானியச் செடான் ஒன்றை நானும் என் கணவரும் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். சிவிடி என்ற தானியங்கி கியர்பெட்டி கொண்ட கார். மீட்டரில் 112,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பேசி முடித்த விலை 43,000 வெள்ளி (ரிங்கிட்). விலை முடிவான பிறகு, விற்பனையாளர் ஒரு விளம்பரத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். வேறொரு நிறுவனம் வழங்கும் 2 ஆண்டுக் கூடுதல் உத்தரவாதமாம். கட்டணம் 2,600 வெள்ளி. இன்ஜின், கியர்பெட்டி, ஏர்கோன் மூன்றும் அதில் அடங்குமாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 3,000 வெள்ளி வரை கிடைக்குமாம். ரொக்கமாகக் கட்டத் தேவையில்லை என்றும், காரின் விலையோடு சேர்த்து 7 ஆண்டுக் கடனில் போட்டுவிட்டால் மாதத்துக்கு 40 வெள்ளிகூட வராது என்றும் சொன்னார்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். தோட்டத்துக்குள் இருக்கும் குடியிருப்பில்தான் வசிக்கிறோம். பெரிய சாலையை அடைவதற்கே செம்மண் பாதையில் பழ லோரிகளின் பின்னால் கொஞ்ச தூரம் ஊர்ந்து வர வேண்டும். நான் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மாமியாரை மருத்துவப் பரிசோதனைக்காக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போவுக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டியிருப்பதால், கார் வழியில் நின்றுவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. இதுவரை ஓட்டியது பழைய புரோட்டோன் சாகா, கையால் மாற்றும் கியர். அதில் எது பழுதானாலும் இங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். சிவிடி கியர்பெட்டி கெட்டுப்போனால் செலவு பல ஆயிரத்தில் போகும் என்று பள்ளியில் உடன் பணியாற்றுபவர்கள் பயமுறுத்துகிறார்கள். முன்பணம் கட்டிய பிறகு எங்கள் கையில் மிஞ்சக்கூடிய சேமிப்பு 5,000 வெள்ளி அளவில்தான் இருக்கும்.

அந்தத் தாள் விற்பனையாளரின் தரகுக்காக அச்சடிக்கப்பட்டது என்பது கணவரின் கருத்து. எனக்கோ, தெரிந்த ஒரு தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றுகிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய உத்தரவாதத்தை வாங்கியவர்களும், கார் வேலை தெரிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோலகங்சார் பட்டறை

டீச்சர், நான் கோலகங்சாரில் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற கார்களில் கணிசமானவை தோட்டங்களிலிருந்து வருபவை. ஆகையால் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் சாலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

செம்மண் பாதையில் தினமும் ஓடும் காரில் முதலில் கெடுவது இன்ஜினும் அல்ல, கியர்பெட்டியும் அல்ல. அப்சார்பர் கசியும், லோவர் ஆர்ம் புஷ் கிழியும், பால் ஜாயிண்ட் ஆடத் தொடங்கும், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை வெடித்து, உள்ளே மண் புகுந்து, திருப்பங்களில் டக் டக் என்று சத்தம் வரும், சக்கர பேரிங் ஊளையிடும், இன்ஜின் மவுண்டிங் தளர்ந்து ஸ்டியரிங்கில் அதிர்வு தெரியும். நான் பார்த்திருக்கும் கூடுதல் உத்தரவாத ஒப்பந்தங்களில் இவற்றில் பெரும்பாலானவை தேய்மானப் பொருள்கள் என்று எழுதி விலக்கப்பட்டிருந்தன. பிரேக், டயர், பேட்டரி ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் ஆண்டில் நீங்கள் பட்டறைக்கு வரப்போகும் காரணங்களில் முக்கால்வாசிக்கு அந்தத் தாளில் இடம் இருக்காது என்பதே என் கணிப்பு.

ஏர்கோனையும் இதே கண்ணோடு பாருங்கள். கம்பிரசர் அடங்கும் என்பார்கள். ஆனால் லோரி கிளப்பிய கல் பட்டு ஓட்டையான கண்டென்சரை வெளிப்புறச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். எலி கடித்த வயரிங்கும் அப்படித்தான். செம்பனைக் காட்டில் எலிகளைக் கட்டுப்படுத்த நிர்வாகங்கள் ஆந்தைக் கூண்டு வைக்கின்றன. நம் காரின் பானெட்டுக்குள் குடியேறும் எலிக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து இன்ஜின் கொதித்துப்போனால், சூடு ஏறியதைக் கண்ட பிறகும் ஓட்டுநர் காரை நிறுத்தவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி முழுக் கோரிக்கையையும் மறுத்த நிகழ்ச்சியை என் வாடிக்கையாளர் ஒருவரின் விஷயத்தில் நேரில் கண்டேன்.

இனி, நீங்கள் உண்மையில் அஞ்சுகிற கியர்பெட்டி. சிவிடியில் சாதாரணப் பெட்டியில் இருப்பது போன்ற படிப்படியான பற்சக்கரங்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டை வழுக்காமல் பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் பழசாகித் தரம் இழந்தால் பட்டை வழுக்கும், வழுக்கினால் உலோகத் தூள் உதிரும், அந்தத் தூள் வால்வுகளுக்குள் போய் உட்காரும். அதன் பிறகு பெட்டியைக் காப்பாற்றுவது கடினம். நம் பக்கத்துப் பட்டறைகளில் இதைப் பிரித்துப் பழுதுபார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி அனுப்பப்படும் பழைய காரிலிருந்து, ஒரு முழுப் பெட்டியை எடுத்து மாற்றுவோம். நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொல்வது என் வழக்கம். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் தாள் உத்தரவாதத் தாள் அல்ல, இந்தக் காரின் பராமரிப்புப் பதிவு. 112,000 கிலோமீட்டருக்குள் கியர் எண்ணெய் ஒரு முறையேனும் மாற்றப்பட்டதா என்பதற்கு அதில் சான்று இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால், மீட்டர் காட்டும் எண்ணைக்கூட அப்படியே நம்ப முடியாது.

விற்பனையாளர் பூஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தின் சோதனையில் கார் தேறிவிட்டது என்று சொல்லக்கூடும். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரியா, கார் சாலைக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பது. கியர்பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வது அதன் வேலை அல்ல. கடையோடு தொடர்பில்லாத ஒரு பட்டறைக்குச் சில நூறு வெள்ளி கொடுத்துக் காரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை எக்காரணம் கொண்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முன்னாள் கிராணி

ஆசிரியை அவர்களுக்கு, காரின் உட்பாகங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் என்பதால், விற்பனையாளர் வாயால் சொன்ன கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன்.

2,600 வெள்ளியைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி உண்டு. ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலைவட்டி என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 91 வெள்ளி, 7 ஆண்டுக்கு 637 வெள்ளி. அசலோடு சேர்த்து நீங்கள் கட்டப்போவது 3,237 வெள்ளி. அவர் சொன்ன மாதம் 40 வெள்ளிக்குக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உத்தரவாதம் 2 ஆண்டில் முடிந்த பிறகும், அதற்கான தவணையை மேலும் 5 ஆண்டுகள் கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் அஞ்சுகிற காரியம் நடந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கியர்பெட்டி போகிறது, மாற்றச் செலவு, ஒரு பேச்சுக்கு, 6,000 வெள்ளி. ஒரு கோரிக்கைக்கு 3,000 வெள்ளி என்பது வரம்பு. ஆகவே மீதி 3,000 வெள்ளி உங்கள் கைப்பணம். கட்டணமும் வட்டியும் 3,237, கைப்பணம் 3,000, ஆக மொத்தம் 6,237 வெள்ளி. உத்தரவாதமே இல்லாமல் நேரே பட்டறைக்குப் போயிருந்தால் 6,000 வெள்ளியோடு முடிந்திருக்கும். எது நடக்கக்கூடாது என்று பணம் கட்டுகிறீர்களோ, அது நடந்தாலும்கூட நீங்கள் 237 வெள்ளி கூடுதலாகச் செலவழித்திருப்பீர்கள். ரொக்கமாகக் கட்டினால் 400 வெள்ளி மிச்சமாகும். அதுவும் பெட்டி அந்த 2 ஆண்டுக்குள்ளேயே கெட்டு, கோரிக்கையும் மறுக்கப்படாமல் இருந்தால்தான்.

கியர்பெட்டியோடு கம்பிரசரும் சேர்ந்து போனால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பிரசருக்கு 1,500 வெள்ளி என்றால், உத்தரவாதம் இல்லாதவர் 7,500 வெள்ளி செலவிடுவார். உங்களுக்கு அதே 6,237 வெள்ளியோடு நிற்கும். இரண்டு பெரிய பழுதுகள், இரண்டே ஆண்டுகளுக்குள், இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டு. அவ்வளவு மோசமான கார் என்று நினைத்தால் அதை வாங்கவே கூடாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. புரோட்டோனும் பெரோடுவாவும் இப்போது புதிய கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. டொயோத்தாவும் ஹோண்டாவும் 5 ஆண்டு தருகின்றன, தூர வரம்பு இல்லாமல். இந்த விலைக்குள் சற்றுச் சிறிய, ஆனால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இன்னும் மீதமிருக்கிற ஒரு பெரோடுவா மைவியையோ பெசாவையோ தேடிப் பார்த்தீர்களா? பராமரிப்பை அதிகாரபூர்வ நிலையத்தில் ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த உத்தரவாதம் காரோடு சேர்ந்தே வரும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பகாவ் தாதி

எல்லாரும் ஒரே பக்கமாக எழுதுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். நான் கூடுதல் உத்தரவாதம் வாங்கினேன், அதனால் பயனும் அடைந்தேன். ஏர்கோன் கம்பிரசரும் பின்னர் ஸ்டியரிங் மோட்டாரும் பழுதானபோது இரண்டுக்கும் நான் ஒரு காசும் தரவில்லை. அப்போது எங்கள் வீட்டில் 500 வெள்ளிகூடச் சேர்த்துவைக்க முடியாத காலம். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் தோட்டப் பாதையில் தனியாகத் திரும்புகிறவளுக்கு, கிராணி ஐயாவின் கணக்கில் வராத ஒரு நிம்மதியும் தேவைப்படுகிறது. மொத்தத்தில் 237 வெள்ளி நட்டம் என்பது சரியாகவே இருக்கலாம், ஆனால் 6,000 வெள்ளியை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாத குடும்பத்துக்கு அந்த நட்டம் பெரிதல்ல.

ஆனால் சகோதரி, ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நான் வாங்கியது காரைத் தயாரித்த நிறுவனமே நடத்திய திட்டம். முதல் உத்தரவாதம் முடிவதற்கு முன்பே கட்டணம் செலுத்திச் சேர்ந்தேன். பழுதுபார்த்ததும் அவர்களுடைய சொந்த நிலையத்தில். பழுதைக் கண்டுபிடித்தவரும் பணத்துக்கு ஒப்புதல் தந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தபடியால் வாதாட எதுவும் இருக்கவில்லை. உங்களிடம் காட்டப்பட்டது மூன்றாம் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தம். அதில் பட்டறைக்காரர் ஒன்று சொல்வார், ஒப்புதல் தருகிறவர் இன்னொன்று சொல்வார், கார் நடுவில் நிற்கும். என் அண்ணனுடைய கார் அப்படி ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் பட்டறையில் கிடந்தது. அந்த நாள்களுக்கெல்லாம் அவர் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். விளம்பரத் தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

செம்மண்சாலை, சுங்கை சிப்புட்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முழு ஒப்பந்தத்தைக் கேட்டேன். கார் வாங்கிய பிறகு கையில் தருவோம் என்றார்கள். படிக்காமல் கட்டணம் செலுத்த மாட்டேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்டிருக்கிறார்கள். நேற்றிரவு நானும் கணவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். விளம்பரத் தாளில் இல்லாத செய்திகள் நிறைய இருக்கின்றன.

இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்த வரம்பு 6,000 வெள்ளி. முதல் 30 நாள்களுக்குக் கோரிக்கை எதுவும் செய்ய முடியாது. 100,000 கிலோமீட்டரைத் தாண்டிய கார் என்றால் உதிரிப்பாகத்தின் விலையில் 20 விழுக்காட்டை உரிமையாளர் ஏற்க வேண்டும். எங்கள் கார் முதல் நாளிலேயே தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அவர்களுடைய பட்டியலில் உள்ள பட்டறையில் மட்டுமே பராமரிப்புச் செய்ய வேண்டும். ஒரு தவணை தவறினாலும் உத்தரவாதம் செல்லாது. அந்தப் பட்டியலில் சுங்கை சிப்புட்டும் இல்லை, கோலகங்சாரும் இல்லை, ஈப்போவில்தான் இருக்கிறது. கியர்பெட்டியைப் பொறுத்தவரை, எண்ணெயில் இயங்கும் உள் உலோகப் பாகங்கள் மட்டுமே அடங்கும் என்றும், மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் சொலினாய்டுகளும் அடங்கா என்றும் போட்டிருக்கிறது. பட்டறை ஐயா, இந்த வரி எவ்வளவு முக்கியமானது என்று எனக்குப் புரியவில்லை.

எங்களை அதிர வைத்தது வேறொரு வரி. செப்பனிடப்படாத சாலைகளில் ஓட்டுவதால் ஏற்படும் பழுதுகள் ஏற்கப்படமாட்டா என்று எழுதியிருக்கிறது. தினமும் காலையும் மாலையும் நாங்கள் ஓட்டுவதே அப்படிப்பட்ட சாலைதானே என்று விற்பனையாளரிடம் கேட்டதற்கு, அது காட்டுப் பந்தயம் ஓடுபவர்களுக்காக எழுதப்பட்டது, உங்களுக்குப் பிரச்சினை வராது என்று புலனத்தில் பதில் அனுப்பியிருக்கிறார். அந்தப் பதிலை நம்பிக் கையொப்பமிடலாமா?

மன்றப்படி

நம்பலாமா என்பதைவிட, அந்தப் பதில் யாரைக் கட்டுப்படுத்தும் என்று கேட்பதே பயன் தரும். உத்தரவாதத்தைத் தரப்போவது வேறொரு நிறுவனம். புலனத்தில் எழுதியவர் கார்க் கடையின் விற்பனையாளர். நாளை கோரிக்கை மறுக்கப்பட்டால், அவர் எங்களுடைய பிரதிநிதி அல்லர் என்று அந்த நிறுவனம் சொல்லக்கூடும். ஆகவே, தோட்டக் குடியிருப்புக்குச் செல்லும் செம்மண் பாதையில் தினமும் ஓட்டுவது அந்த விலக்கில் சேராது என்று உத்தரவாத நிறுவனமே தன் கடிதத்தாளில் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். தராவிட்டால் அந்த வரி உங்களுக்காகவே எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புலனச் செய்தியை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள், அது கடைக்கு எதிராக உதவும்.

உதவும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2,600 வெள்ளி கட்டாமலேயே உங்களுக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. இதை விற்பனையாளர்கள் மேசையில் எடுத்து வைப்பதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் விற்பனையிலேயே உள்ளடங்கியிருக்கிறது. இருக்கும் நிலையிலேயே விற்கப்பட்டது என்று ரசீதில் எழுதி அந்த உரிமையை ஒரு வணிகர் பறித்துவிட முடியாது. பொருளின் தன்மை, விலை, விற்றவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைச் சீர்தூக்கித்தான் ஏற்கத்தக்க தரம் எது என்று முடிவு செய்வார்கள். ஆகவே 2018ஆம் ஆண்டுக் காரிலிருந்து புதிய காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. தேய்மானத்துக்கெல்லாம் கடைக்காரரைப் பொறுப்பாக்கவும் முடியாது. ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே கியர்பெட்டி செயலிழந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்தது என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் உண்டு. உத்தரவாத நிறுவனம் கோரிக்கையே ஏற்காத முதல் 30 நாள்களில் சட்டம்தான் உங்களுக்குத் துணை.

அதற்குரிய இடம் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் எதிர்த்தரப்பும் நேரில் வந்துதான் பேச வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். நான் உறவினர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே எடுபடுவது தாள்தான். விளம்பரத் தாள், புலன உரையாடல், பராமரிப்புப் பதிவு, வாங்குவதற்கு முன் செய்த பட்டறைப் பரிசோதனையின் அறிக்கை ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மேலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தின் பின்னால் காப்புறுதி நிறுவனம் எதுவும் இருக்கிறதா? இருந்தால் அதன் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லையென்றால், உத்தரவாதம் தந்த நிறுவனம் கதவை மூடுகிற நாளில் உங்கள் 2,600 வெள்ளியை எங்கே போய்க் கேட்பீர்கள்?

கோலகங்சார் பட்டறை

டீச்சர், நீங்கள் புரியவில்லை என்று குறிப்பிட்ட வரிதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. சிவிடியில் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது வால்வு பாடியில் இருக்கும் சொலினாய்டுகள் என்ற மின்வால்வுகள். அவற்றுக்கு உத்தரவிடுவது மின்னணுக் கருவி. சொலினாய்டு சரியாக வேலை செய்யாமல் அழுத்தம் குறைந்து, அதனால் பட்டை வழுக்கிப் புல்லியில் கோடு விழுந்தால், முதற்காரணம் சொலினாய்டு என்று சொல்லி உள் உலோகப் பாகங்களுக்கான பணத்தையும் மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. எந்தப் பாகம் முதலில் கெட்டது என்பதைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்; பிரித்துப் பார்க்கும் கூலியை முன்கூட்டியே நீங்கள் கட்ட வேண்டும், கோரிக்கை ஏற்கப்பட்டால் மட்டுமே அது திரும்பக் கிடைக்கும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். இந்த ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பராமரிப்புக்காக ஆண்டுக்கு இரண்டு முறை ஈப்போவுக்குப் போவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது, எப்படியும் மருத்துவமனைக்குப் போகிறீர்கள். ஆனால் பட்டியல் பட்டறையில் என்ன கூலி, எந்த எண்ணெய், என்ன விலை என்பதையும் கேட்டு வையுங்கள். உள்ளூரில் செய்வதைவிட அங்கே ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஆனால், அதையும் கிராணி ஐயாவின் 3,237 வெள்ளியோடு சேர்க்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால், இந்த ஒப்பந்தத்தை வாங்காதீர்கள். அந்த 2,600 வெள்ளியில் முதலில் கியர் எண்ணெயை மாற்றி, கூலண்டையும் இன்ஜின் மவுண்டிங்கையும் பார்த்துச் சரிசெய்துவிட்டு, மீதியை உங்கள் 5,000 வெள்ளியோடு தனியாகப் போட்டு வையுங்கள். பகாவ் சகோதரி சொன்ன நிம்மதியை நான் மறுக்கவில்லை. அவர் வாங்கிய திட்டம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

செம்மண்சாலை, சுங்கை சிப்புட்

ஐயா, நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. பிரித்துப் பார்க்கும் கூலி உரிமையாளருடைய பொறுப்பு என்று பதினோராம் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பின்னால் காப்புறுதி நிறுவனம் எதுவும் இருப்பதாகக் காணவில்லை. செம்மண் பாதையைப் பற்றி எழுத்தில் தர முடியுமா என்று உத்தரவாத நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொரு கோரிக்கையும் அதனதன் சூழலுக்கேற்ப ஆராயப்படும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. உத்தரவாதம் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டோம்.

அதைச் சொன்னவுடன் காரின் விலையில் 800 வெள்ளி குறைக்க விற்பனையாளர் தாமாகவே முன்வந்தார் என்பதை என் கணவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கிராணி ஐயா சொன்னபடி, உத்தரவாதம் மீதமிருக்கும் பெசா ஒன்றையும் பக்கத்திலேயே பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் இந்தச் செடானின் இருக்கைதான் ஏறி இறங்க வசதியாக இருக்கிறது. பராமரிப்புப் பதிவைக் கேட்டதில், 81,000 கிலோமீட்டரில் கியர் எண்ணெய் மாற்றிய ரசீது ஒன்று கிடைத்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. சனிக்கிழமை காலையில் சோதனைக்குக் காரைத் தருகிறார்கள். ஆனால் ஈப்போவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதாம். தங்களால் அங்கே வர இயலுமா? கூலியைச் சொல்லுங்கள்.

கோலகங்சார் பட்டறை

வருகிறேன், டீச்சர், கூலியைத் தனிச்செய்தியில் பேசிக்கொள்வோம். 81,000 கிலோமீட்டரில் மாற்றியிருக்கிறார்கள் என்றால் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது, அடுத்த மாற்றத்துக்கும் நேரம் நெருங்கிவிட்டது. எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் நானே பார்க்கிறேன். ஸ்கேனரும் கொண்டு வருகிறேன், பிழைக் குறியீடுகளை அண்மையில் யாராவது அழித்திருந்தால் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிவிடியின் நடுக்கம் எண்ணெய் நன்றாகச் சூடான பிறகே தெளிவாகத் தெரியும் என்பதால், கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும், அதில் ஒரு மேடும் இருக்க வேண்டும், நெரிசலில் மெதுவாக ஊர்ந்து செல்லும் ஒரு பகுதியும் இருக்க வேண்டும். ஈப்போவுக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது. மாமியாரையும் அழைத்து வாருங்கள், பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கடைக்காரரிடம் இன்றே ஒன்று சொல்லி வையுங்கள். நான் வருவதற்கு முன்னால் யாரும் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கக் கூடாது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த காரை முதலில் கிளப்பும்போது கேட்கிற சத்தமும், உடனே ரிவர்சில் போடும்போது பெட்டி எவ்வளவு தாமதமாகப் பிடிக்கிறது என்பதும் எனக்கு வேண்டும்.